கைப்பைக்குள் அடங்கும் கேமரா

"இது என்னங்க?"

மனைவி கைப்பையைக் கவிழ்த்துக் கொட்டியிருந்தாள். சீப்பு, சாவிக்கொத்து, கைக்குட்டை, இவற்றுக்கு நடுவே வெள்ளை வெளேரென்று ஒரு கட்டி கிடந்தது. செங்கல் குட்டி போட்ட மாதிரி. அதன் ஒரு பக்கத்தில் மட்டும் வட்டமாக ஒரு மேடு.

"கேமரா," என்றார் பல்செட்காரர்.

"கேமராவா? பிளாஸ்டர் மாதிரி இருக்கு."

"பிளாஸ்டர்தான். கேமரா அளவுக்கு வார்த்திருக்கேன். நூத்திரெண்டு மில்லிமீட்டர் நீளம், அம்பத்தெட்டு உயரம், முப்பத்தாறு கனம். ஒரு வாரம் உன் பையில இருக்கட்டும். தொந்தரவா இருக்கா இல்லையான்னு நீதான் சொல்லணும்."

"மூணு நாளா தோள்பட்டை இறங்கிப் போச்சு. எலும்பு டாக்டரைப் பாக்கலாம்னு இருந்தேன்!"

"அப்போ இது வேண்டாம்," என்று சொல்லி, அவர் நோட்டில் ஒரு கேமராவின் பெயரை அடித்தார். இன்னும் பதினாறு பெயர்கள் மிச்சமிருந்தன. பயணத்துக்கு மூன்று வாரம் மிச்சமிருந்தது.

பல்செட்காரர் என்பது அக்கம்பக்கத்தார் வைத்த பெயர். ஒரு பல் மருத்துவமனையின் பின்னறையில் இருபத்திரண்டு வருடமாகப் பல்செட் கட்டிக்கொண்டிருக்கிறார். ஈறின் நிறத்தை ஒன்பது விதமாகப் பிரித்துப் பார்க்கிற கண். தலைமுடி அளவு மேடு இருந்தாலும் தடவிச் சொல்லிவிடுகிற விரல். அப்படிப்பட்ட மனிதரிடம் போய், "டூருக்குச் சின்னதா ஒரு கேமரா பாருங்க" என்று சொன்னது மனைவியின் தப்பு.

குடும்பம் முதல்முதலாக வெளிநாடு போகிறது. எட்டு நாள். ஃபோனை வெளியே எடுக்கக்கூடாது என்பது மனைவி போட்ட சட்டம். "எடுத்தா ஆளுக்கொரு மூலையில குனிஞ்சுக்குவீங்க. அதுக்கு வீட்டுலயே குனிஞ்சுட்டு இருக்கலாமே. படம் எடுக்க ஒரு கேமரா போதும்."

இதுவரை சிக்கல் இல்லை. மகள்தான் சிக்கலைக் கிளப்பினாள். பதின்மூன்று வயது. வீட்டில் அவளுக்கு வக்கீல் என்று பெயர். ஒருநாள் பழைய ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டே, "அப்பா, போன வருஷம் அருவிக்குப் போனோமே, நீங்க வந்தீங்களா?" என்று கேட்டாள்.

"வராம? படம் எடுத்ததே நான்தான்."

"ஆதாரம் இல்லையே. நூத்திநாப்பது படத்துல நீங்க ஒண்ணுலகூட இல்ல. இதோ, ஒரு நிழல். இங்க ஒரு கட்டைவிரல்."

"அது என் கட்டைவிரல்தான்."

"அதை எப்படி நிரூபிப்பீங்க?"

வேடிக்கையாகத்தான் கேட்டாள். ஆனால் பல்செட்காரருக்கு அது முள்ளாகத் தைத்துவிட்டது. ஆல்பத்தை இரண்டு முறை புரட்டினார். உண்மைதான். பதின்மூன்று வருடக் குடும்பத்தில் அவர் ஒரு கட்டைவிரலாகத்தான் இருந்திருக்கிறார். இந்தத் தடவை மூன்று பேரும் ஒரே படத்தில் நிற்க வேண்டும். அதற்கு நல்ல டைமர் உள்ள கேமரா வேண்டும். மனைவியின் பைக்குள் அடங்கவும் வேண்டும். நோட்டு வாங்கினார். பதினேழு மாடல்களை எழுதினார். ஒவ்வொன்றையும் பிளாஸ்டரில் வார்க்க ஆரம்பித்தார்.

"இத பாருங்க," என்றாள் மனைவி, கட்டியை அவர் கையில் திணித்து. "பல்லைக்கூட வாயில வெச்சுப் பாத்துத்தானே சரி பண்றீங்க? நெஜக் கேமரா ஒண்ணை வாங்கிக் கையில பிடிச்சுப் பாருங்க. இனிமே என் பையில கல்லைப் போட்டீங்கன்னா, டூருக்கு நீங்க பிளாஸ்டரோடயே போயிட்டு வாங்க."

மறுநாள் மருத்துவமனையில் இதைச் சொல்லப்போக, டாக்டரம்மா விழுந்து விழுந்து சிரித்தார். மருத்துவமனை அவருடையதுதான். மிருதுவான குரல். ஊசி குத்தும்போதுகூட, "ஒண்ணுமே இல்ல, ஒண்ணுமே இல்ல" என்று சொல்லிக்கொண்டே குத்திவிடுகிறவர்.

"என்கிட்ட ஒரு குட்டிக் கேமரா இருக்கு சார். ரெண்டு நாள் வெச்சுப் பாருங்க. பிடிச்சிருந்தா அதே மாதிரி வாங்கிக்கலாம்," என்று இழுப்பறையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். வெள்ளி நிறம். உள்ளங்கைக்குள் அடங்கியது. பல்செட்காரருக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. அளந்து பார்த்ததில் இன்னும் பிடித்துவிட்டது.

டைமரைச் சோதிக்காமல் வீட்டுக்குக் கொண்டுபோக மனம் வரவில்லை. மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போன நேரம், பின்னறையில் ஒரு குடும்பப் படம் ஏற்பாடு செய்தார். நடுவில் அவர். வலப்பக்கம் மனைவி இடத்தில் ஒரு மேல்வரிசைப் பல்செட். இடப்பக்கம் மகள் இடத்தில் ஒரு கீழ்வரிசை. எதிரே மேசைமேல் இருந்த தட்டில் கேமராவை வைத்தார். பத்து விநாடி என்று டைமரைத் திருகிவிட்டு ஓடிவந்து உட்கார்ந்தார். சிவப்பு விளக்கு சிமிட்ட ஆரம்பித்தது.

அதே மேசையில்தான் அதிர்வு மேடையும் இருந்தது. அச்சில் ஊற்றும் பிளாஸ்டருக்குள் காற்றுக் குமிழி தங்காமலிருக்க, கடகடவென்று ஆடிக்கொண்டே இருக்கும் சின்ன எந்திரம். அதை அணைக்க மறந்துவிட்டார்.

மூன்றாவது விநாடியில் கேமரா நடக்க ஆரம்பித்தது.

பல்செட்காரர் பார்த்தார். ஆனால் எழுந்தால் படம் ஆடிப்போகுமே! சிரித்த முகம் மாறாமல் உட்கார்ந்திருந்தார். ஐந்து. ஆறு. கேமரா குட்டிக் குட்டி அடியாக எடுத்து வைத்துத் தட்டின் விளிம்புக்கு வந்தது. ஏழு. எட்டிப் பார்த்தது. அவர் சிரிப்பு உறைந்தது. எட்டாவது விநாடியில் அது குதித்தது. கீழே, அப்போதுதான் குழைத்து வைத்த பிளாஸ்டர் கிண்ணம்.

ப்ளக்.

அப்புறம் கிண்ணத்துக்குள்ளிருந்து, ஏற்ற பணியை முடித்த பெருமையோடு, "க்ளிக்" என்று ஒரு சத்தம்.

பிளாஸ்டர் பத்து நிமிடத்தில் இறுகிவிடும் என்பது அவரைவிட யாருக்குத் தெரியும்? அள்ளி எடுத்துக் குழாயடியில் காட்டினார். வெளியே இருந்த பிளாஸ்டர் போயிற்று, உள்ளே தண்ணீர் போயிற்று. ஈரம் காய விளக்குச் சூட்டில் வைத்தார். உள்ளே இருந்த மிச்சப் பிளாஸ்டர் கல்லாயிற்று. கத்தியால் மெல்ல நெம்பினார். பிளாஸ்டர் வந்தது. கூடவே லென்ஸும் வந்தது.

டாக்டரம்மாவிடம் சொல்லிவிடலாம் என்றுதான் எழுந்தார். கதவு வரை போனார். உள்ளே யாருக்கோ, "ஒண்ணுமே இல்ல, ஒண்ணுமே இல்ல" என்று குரல் கேட்டது. அப்படியே திரும்பிவிட்டார்.

சாயங்காலம் பழைய கேமரா விற்கும் கடை ஒன்றைத் தேடிப் பிடித்தார். ஊரிலேயே அது ஒன்றுதான். கடைக்காரர் கண்ணில் ஒரு மூக்குக்கண்ணாடியும் நெற்றியில் ஒரு மூக்குக்கண்ணாடியும் போட்டிருந்தார். செத்த கேமராவைப் பார்த்ததும் நெற்றிக் கண்ணாடி கண்ணுக்கு இறங்கியது.

"என்ன சார், கேமராவுக்குக் கை முறிஞ்சு கட்டுப் போட்டாங்களா?"

"இதே மாடல், இதே நிறம் வேணும்."

கடைக்காரர் ஒரு பெட்டியைத் துழாவி அதே மாதிரி ஒன்றை எடுத்து வைத்தார். பல்செட்காரர் அதை முத்தமிடாத குறை.

"ஆனா இது ரொம்பப் புதுசா இருக்கே," என்றார் கவலையாக.

"முப்பது வருஷமா கடை வெச்சிருக்கேன் சார். இப்படிக் குறை சொன்ன முதல் ஆள் நீங்கதான்."

மறுநாள் காலையில் மற்றவர்கள் வருமுன் பின்னறையில் வேலை தொடங்கியது. டாக்டரம்மாவின் கேமராவில் அடிப்பக்கம் மூன்று கீறல், வலது மூலையில் ஒரு சொட்டை, பொத்தானுக்குப் பக்கத்தில் நகப்பாலிஷ் பொட்டு ஒன்று. ஒவ்வொன்றையும் அளந்து, பல் தேய்க்கும் கருவியால் அதே ஆழத்துக்குக் கீறினார். சொட்டையைச் சின்னச் சுத்தியலால் தட்டி உண்டாக்கினார். பொட்டுக்கு ஈறு வர்ணத்தில் ஏழாம் நம்பர் அச்சு அசலாகப் பொருந்தியது. செத்த கேமராவின் கைவாரைக் கழற்றி இதில் மாட்டினார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது அவருக்கே கர்வம் தாங்கவில்லை. பெற்ற தாயே வந்தாலும் அடையாளம் தெரியாது.

மத்தியானம் கொண்டுபோய்க் கொடுத்தார். டாக்டரம்மா வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பொத்தானை அழுத்தினார். பளிச்!

"ஃப்ளாஷ் அடிக்குதே," என்றார்.

"ஆமா டாக்டர். ஜோரா அடிக்குது."

"இது அடிக்காதே சார். ரெண்டு வருஷமா செத்துல்ல கிடந்துது."

பல்செட்காரர் கேமராவை முதல்முறை பார்ப்பது போலக் குனிந்து பார்த்தார்.

"ஏதாவது சொல்லணுமா சார்?" டாக்டரம்மா கன்னத்தில் கை வைத்துக் காத்திருந்தார்.

"அது... சும்மா திறந்து பாத்தேன் டாக்டர். உள்ள ஒரு ஒயரு லேசா விலகியிருந்துது. தொட்டேன், சேந்துக்கிச்சு."

"தொட்டதும் சேந்துக்கிச்சா?"

"தொட்டதும்."

"அடடே! இத்தனை வருஷமா இந்தக் கை பல்லுக்கு மட்டும்தான்னு நெனச்சு வீணடிச்சுட்டேனே," என்றார் டாக்டரம்மா.

தப்பித்தோம் என்று அவர் விட்ட பெருமூச்சு மறுநாள் காலை ஒன்பது மணி வரை தாங்கியது. ஒன்பது மணிக்கு டாக்டரம்மா ஒரு கறுப்புக் கேமராவோடு பின்னறைக்கு வந்தார்.

"என் சித்தியோடது சார். லென்ஸ் வெளிய வர மாட்டேங்குதாம். கொஞ்சம் தொட்டுப் பாருங்களேன்."

அதற்கு மறுநாள் ஒரு சிவப்புக் கேமரா. கடைவாய்ப்பல் பிடுங்க வந்தவருடையதாம். கல்யாணமான புதிதில் வாங்கியதாம். அதற்கு மறுநாள் நீலம். பல்லுக்குக் கம்பி போட்டுக்கொள்ளும் பெண்ணுடையதாம். "எல்லாருக்கும் உங்க கையைப் பத்திச் சொல்லிட்டேன் சார். எல்லார் வீட்டு அலமாரியிலயும் ஒண்ணு தூங்குது பாருங்க."

முதலில் அவர் நிஜமாகவே பழுது பார்க்க முயன்றார். வீட்டில் சாப்பாட்டு மேசைமேல் சித்தியின் கேமராவைத் திறந்தார். ஒரு சுருள்கம்பி துள்ளிக் குதித்து எங்கோ போய்விட்டது. வீட்டில் மூன்று பேரும் தவழ்ந்து தேடினார்கள். கிடைக்கவில்லை. பதிலுக்கு, மனைவி போன மாதம் தொலைத்த தோடு கிடைத்தது. சிவப்புக் கேமராவைத் திறந்து உள்ளே விரலை வைத்தார். ஃப்ளாஷுக்காகச் சேர்த்து வைத்திருந்த மின்சாரம் அத்தனையும் அவர் கைக்கு வந்தது. நாற்காலியோடு ஒரு முழம் பின்னால் போய் விழுந்தார்.

"அப்பாவுக்கும் ஃப்ளாஷ் அடிக்குது!" என்றாள் மகள்.

நீலத்தைத் திறந்து, துடைத்து, எண்ணெய் விட்டு மூடினார். மூடிய பிறகு மேசைமேல் நான்கு திருகாணிகள் மிச்சமிருந்தன. வக்கீல் அவற்றை வரிசையாக அடுக்கினாள்.

"அப்பா, ஆமா இல்லைன்னு மட்டும் பதில் சொல்லுங்க. உங்களுக்குக் கேமரா ரிப்பேர் தெரியுமா?"

"இல்ல."

"அப்புறம் ஏன்?"

நடந்ததைச் சொன்னார். மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "வீடு பூரா கேமரா. டூருக்கு ஒண்ணு இல்ல! போய் உள்ளதைச் சொல்லிட்டு வாங்க. என்ன, கடிச்சா தின்னுடுவாங்க?"

போனார். "டாக்டர், ஒரு விஷயம்..."

டாக்டரம்மா கையிலிருந்த கருவியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். "சொல்லுங்க சார். தயங்காம சொல்லுங்க."

அந்த முகத்தில் இருந்த ஆர்வத்தைப் பார்த்ததும் பல்செட்காரருக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. தன் கைமேல் இவ்வளவு நம்பிக்கை வைத்திருக்கிற மனுஷியிடம் எப்படிச் சொல்வது? "மூணாம் நம்பர் மேல்செட்டு... ரெடி."

"அவ்வளவுதானா?" டாக்டரம்மாவின் முகம் ஏனோ வாடியது. அப்புறம் இழுப்பறையைத் திறந்தார். "அப்போ இதையும் பாருங்க. எதிர்வீட்டு வாத்தியாரோடது."

இப்படியே இரண்டு முறை போய், இரண்டு முறையும் ஒரு கேமராவோடு திரும்பி வந்தார். மேல்செட்டும் கீழ்செட்டும் ரெடியானதுதான் மிச்சம். பயணத்துக்கு இன்னும் ஒரே நாள் என்றபோது அலமாரியில் பதினொரு கேமராக்கள் இருந்தன. வைத்தியம் பார்த்ததில் எல்லாமே முன்னைவிட மோசமாக இருந்தன. பெட்டிகள் கட்டியாயிற்று. லீவு விண்ணப்பம் மட்டும் டாக்டரம்மாவின் மேசையில் கையெழுத்தாகாமல் கிடந்தது.

"கையெழுத்துக்கு என்ன சார், நாளைக்குக் காலையில போட்டுட்டாப் போச்சு," என்றார் டாக்டரம்மா. "ஆனா கேமராவை எல்லாம் திருப்பிக் குடுத்துட்டு நிம்மதியாப் போயிட்டு வாங்க. பாவம், ஒவ்வொருத்தரும் எத்தனை நம்பிக் குடுத்திருக்காங்க!"

அன்று சாயங்காலம் பதினொன்றையும் ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு பழைய கேமராக் கடைக்குப் போனார். பை கனத்தது. மனசு அதைவிடக் கனத்தது.

இரட்டைக் கண்ணாடிக்காரர் தூசி தட்டிக்கொண்டிருந்தார். பல்செட்காரர் பையைக் கீழே வைத்தார்.

"இதை அப்புறம் சொல்றேன். முதல்ல எனக்கு ஒரு கேமரா குடுங்க. சின்னதா."

"எந்த மாடல்?"

நோட்டு சட்டைப்பையில்தான் இருந்தது. பதினாறு பெயர்கள், நீளம், உயரம், கனம். அவர் அதை எடுக்கவில்லை.

"உங்க கைக்கு எது வருதோ அது."

கடைக்காரர் ஒன்றை எடுத்து நீட்டினார். பச்சை நிறம். அது அத்தனை ஒன்றும் அழகாயில்லை. பல்செட்காரர் அளக்காமல் வாங்கிக்கொண்டார்.

"டைமர் எப்படின்னு காட்டட்டுமா சார்?"

"வேண்டாம். அது எனக்குத்தான் வேணும்னு இருந்தேன்." "நான் போறது சந்தேகம். லீவு வராது போல இருக்கு. அவங்க ரெண்டு பேராவது போயிட்டு வரட்டும். பொண்ணு நல்லா எடுப்பா. அவ விரல் குறுக்க வராது."

கடைக்காரர் தூசித் துணியை மடித்து வைத்தார்.

"இப்ப இதைப் பாருங்க," என்று பல்செட்காரர் துணிப்பையை எடுத்து மேசைமேல் கவிழ்த்தார். கறுப்பு, சிவப்பு, நீலம் என்று பதினொன்றும் சரிந்து விழுந்தன. "பேஷண்டுங்க நம்பிக் குடுத்தது. டாக்டரம்மா நான் பெரிய கைக்காரன்னு நெனச்சுட்டாங்க. எனக்கு ஒரு திருகாணிகூட உருப்படியா போடத் தெரியாது. காலையில திருப்பிக் குடுக்கணும். ரிப்பேர் பண்ணுங்க, இல்ல இதே மாதிரி பதினொண்ணு குடுங்க. என்ன கேட்டாலும் செய்யறேன்."

கடைக்காரர் நெற்றிக் கண்ணாடியை இறக்கினார். சித்தியின் கேமராவைக் கையில் எடுத்தார். வைத்தார். வாத்தியாருடையதை எடுத்தார். அவர் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பல்செட்காரர் பயந்துபோனார்.

"என்னங்க, அவ்வளவு மோசமாவா இருக்கு?"

கடைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு கேமராவிலும் பேட்டரி மூடியைத் திறந்து வரிசையாகக் காட்டினார். எல்லாவற்றிலும் உள்ளே ஒரே மாதிரி சின்ன மஞ்சள் ஸ்டிக்கர்.

"என் கடை ஸ்டிக்கர் சார், இங்கிருந்து போற எல்லாத்துலயும் இருக்கும், நீங்க கீறல் போட எடுத்துட்டுப் போனதுலயும் இதைப் பாத்துட்டுத்தான் உங்க டாக்டரம்மா மறுநாள் சாயங்காலமே சிரிச்சுக்கிட்டு இங்க வந்து, ஓடாததா பொறுக்கி ஒரு பை நிறைய அள்ளிட்டுப் போனாங்க, நீங்க வாயைத் திறந்து உண்மையைச் சொல்ற வரைக்கும் தினம் ஒண்ணு குடுக்கணும்னு."